வைகையில் தண்ணி வரும் என்று எந்தத் திருடன் கண்டான்? (மதுரைப் படகு காமெடிக் கதை, யோசனை தேவை)

தெப்பக்குளத்து வாண்டு

குறும்படமாக ஆரம்பித்த கதை ஒன்று இரண்டு மணி நேரப் படமாக வீங்கிக் கிடக்கிறது. தயாரிப்பாளர் யாரும் கிடையாது. அதனால் கதை வெளியே போய்விடுமே என்ற பயமும் கிடையாது. திருட ஆள் வந்தால் சந்தோஷம்தான்.

விஷயம் இது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சொட்டுத் தண்ணி இல்லாமல் வறண்டு கிடந்த காலம். நகைக்கடையில் கைவைத்த மூன்று பேர், போலீஸ் துரத்த, ராத்திரியோடு ராத்திரியாகக் குளத்துக்குள் இறங்கிப் பையைப் புதைக்கிறார்கள். கிரிக்கெட் பையன்கள் நட்டு வைத்த ஸ்டம்பிலிருந்து இத்தனை எட்டு என்று அடையாளக் கணக்கு. விடிந்ததும் வேறொரு பழைய கேசில் மாட்டி உள்ளே போகிறார்கள். சில வருஷம் கழித்து நியூ ஜெயில் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து நேராகக் குளத்துக்கு வந்தால், தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. மேலே படகுச் சவாரி. குடும்பம் குடும்பமாக லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். மூன்று பேருக்கும் நீச்சல் தெரியாது.

இதுவரை எனக்கே பிடித்திருக்கிறது. இதற்கு மேல்தான் தகராறு. இப்போதைக்கு, படகு விடுகிற ஒரு குடும்பத்தில் இவர்கள் வேலையாளாகச் சேர்கிறார்கள் என்று வைத்திருக்கிறேன். சப்பென்று இருக்கிறது. வெட்டுக்குத்து கூடாது, யாரும் சாகக் கூடாது, ஏழு வயசுப் பேத்தியும் அப்பத்தாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த மூன்றும் மாறாது. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

பருத்திப்பால்

மதுரைப் படத்தில் அருவா இல்லையா? சென்சாரில் ரீல் குறையுது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் மாப்ள.

ரெண்டாவது ஆட்டம்

தம்பி, கதை கையில் இருக்கிறது. நீங்கள்தான் அதை விட்டுவிட்டுப் படகு விடுகிற குடும்பத்தின் பின்னால் போகிறீர்கள்.

கோமாளித் திருடன் படத்தில் பெரும்பாலும் நடக்கிற தப்பு, திருடனை முட்டாளாக்குவது. வாழைப்பழத் தோலில் வழுக்குவான், கதவில் முட்டுவான். பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. 1990இல் வந்த ‘அரங்கேற்ற வேளை’யை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாள ‘ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்’கின் தமிழ் வடிவம், இரண்டும் ஃபாசில் பள்ளியில் இருந்து வந்தவை. அதில் கடத்தல்காரன் அவன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறான். போன் மட்டும் வேறு வீட்டில் அடிக்கிறது. அந்த வீட்டில் இருக்கிறவர்களோ காசுக்கு நாய்படாத பாடு படுகிறவர்கள். சிரிப்பு அங்கே இருந்து வருகிறது. திட்டம் சரி, போய்ச் சேர்ந்த இடம் சரியில்லை.

உங்கள் திருடர்களும் அந்த ஜாதிதான். குளத்தில் புதைத்தது புத்திசாலித்தனம். வருஷக்கணக்காகக் காய்ந்து கிடக்கிற குளம், சுற்றி ஆள் நடமாட்டம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வைகையில் தண்ணி வரும், அதைக் கால்வாயில் திருப்பிக் குளத்தில் நிறுத்துவார்கள் என்று மதுரையில் எந்தத் திருடன் கணக்குப் போடுவான்? அவர்கள் தோற்றது அறிவில் இல்லை, நம்பிக்கையில். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் போட்ட கணக்கு ஒவ்வொன்றும் சரியாக இருந்து, ஊர் மாறிக்கொண்டே இருக்கட்டும்.

அனுப்பானடி ஆல்ரவுண்டர்

ஸ்டம்பிலிருந்து எட்டு வைத்து அளந்தார்கள் என்கிறீர்களே, எந்த ஸ்டம்ப்? ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்துக்குள் எத்தனை மேட்ச் நடக்கும் தெரியுமா? ஒரு டீமுக்குப் பாயிண்ட்டில் நிற்கிறவன் இன்னொரு டீமுக்கு மிட் ஆனில் நிற்பான். எங்கள் பந்தை அடுத்த மேட்ச்சின் பௌலர் எடுத்துப் போட்டு, அதில் ஒருத்தன் அவுட் ஆகி, அந்தப் பஞ்சாயத்து சாயந்திரம் வரை ஓடியிருக்கிறது.

அசல் பிட்ச் என்றால் அது எங்களுடையதுதான். மைய மண்டபத்துக்குக் கிழக்கே, தரை கொஞ்சம் இறுகி இருக்கும் இடம்.

பருத்திப்பால்

கிழக்கேயா! அது சின்னப் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடிய இடம். பெரிய ஆட்டமெல்லாம் மேற்கே, காலேஜைப் பார்த்த பக்கம். மண்டபத்து நிழல் விழும், கீப்பருக்குக் கண் கூசாது.

அனுப்பானடி ஆல்ரவுண்டர்

மத்தியானம் மேற்குப் பக்கம் நிழல் விழுமா? சூரியன் உங்களுக்கு மட்டும் தனியாகப் போனதா?

பருத்திப்பால்

காலையில் ஆடினோம்ணே. பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலோடு அந்தத் தரையில் நிற்க நீங்கள் என்ன பூக்குழியா இறங்கினீர்கள்?

தெப்பக்குளத்து வாண்டு

ரெண்டு பேரும் நிறுத்தாதீர்கள். இதுதான் எனக்கு வேண்டிய சீன். திருடர்கள் இடத்தைக் கண்டுபிடிக்க, அந்தக் காலத்தில் அங்கே ஆடியவர்களைத் தேடிப் போகிறார்கள். ஒருத்தர் வங்கியில், ஒருத்தர் கறிக்கடையில், ஒருத்தர் போலீசில். ‘பழைய டீமை ஒன்று சேர்க்கிறோம்’ என்று பொய் சொல்லி வரவழைத்தால், படியில் உட்கார்ந்து பிட்ச் எங்கே இருந்தது என்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டிச் சண்டை போடுகிறார்கள். இருபது பேர், இருபது பிட்ச். திருடர்கள் நோட்டில் குறித்துக்கொண்டே வருகிறார்கள்.

வைகைக்கரை

சண்டைக்கு நடுவே கொஞ்சம் வரலாறு. குளம் வெட்டியது திருமலை நாயக்கர், 1645இல். ஒரு பக்கம் ஏறக்குறைய 1000 அடி, இன்னொரு பக்கம் 950 அடி. நாலு பக்கமும் சேர்த்து 12 படித்துறை. ராத்திரியில் எந்தப் படித்துறை வழியாக இறங்கினோம் என்பதே திருடர்களுக்கு மறந்துபோகலாம். எல்லாம் ஒரே அச்சாகத்தான் இருக்கும். பிட்ச்சுக்கு முன்னால் அதைக் கவனியுங்கள்.

அப்புறம், மகால் கட்ட இங்கேதான் மண் எடுத்தார்கள் என்றும், அப்படித் தோண்டும்போது அகப்பட்ட பிள்ளையார்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். ஆக, அந்தக் குளத்தில் தோண்டினால் ஏதாவது கிடைக்கும் என்பது ஊரே நம்புகிற சங்கதி. மூன்று திருடர்களில் ஒருத்தன் பக்திமானாக இருந்தால் இதைச் சொல்லியே மற்ற இரண்டு பேரின் உயிரை எடுப்பான்.

தண்ணீர் வரும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். வைகையிலிருந்து பனையூர் கால்வாய் வழியாக வரும். ஆற்றில் ஓடினால்தான் குளத்துக்கு வரத்து. வத்தினால் பையை எடுத்துவிடலாம் என்று திருடர்கள் கோடைக்குக் காத்திருப்பதும், அந்தக் கோடையில் பார்த்து அடைமழை பெய்வதும் நம் ஊரில் நடக்கக் கூடியதே.

கீழவாசல்

எல்லோரும் சிரிக்கிறீர்கள், ஒன்று சொல்லிவிடுகிறேன். அது பொழுதுபோக்குக் குளம் மட்டும் இல்லை. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் எழுந்தருளுகிற இடம். தெப்பத் திருவிழா சீன் வைக்காமல் இந்தக் கதையை முடிக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். சாமி வருகிற தெப்பத்தில் திருடன் ஏறுவது, விழுவது, ஒளிவது என்று வைத்தால் நான் டிக்கெட் எடுக்க மாட்டேன். எங்கள் தெருவும் எடுக்காது.

தெப்பக்குளத்து வாண்டு

கீழவாசல் ஐயா, தெப்பத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். திருவிழா சீன் வேண்டும்தான், ஆனால் கரையில். தெப்பத்துக்கு மோட்டார் கிடையாது, கரையில் நிற்கிற சனம்தான் வடம் பிடித்து இழுக்கும். காலையில் இரண்டு சுற்று, ராத்திரி ஒரு சுற்று. கூட்டத்தோடு நின்றால் கவனிக்க மாட்டார்கள் என்று மூன்று பேரும் கரைக்கு வருகிறார்கள். சும்மா நிற்கிறவனை மதுரையில் எவன் விடுவான்? ‘வாப்பா, பிடி’ என்று வடத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பை கிடக்கிற இடத்தைத் தாண்டித் தாண்டி அவர்களே தெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கை கொப்புளித்துவிடுகிறது. பக்கத்தில் இழுக்கிற பெரியவர், ‘இந்தக் காலத்தில் இப்படிப் பையன்களா’ என்று கண் கலங்கி, மூன்று பேரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போகிறார்.

குடும்பம் உள்ளே வருவது இப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. படகு விடுகிற குடும்பத்தைத் தூக்கிவிட்டேன்.

கீழவாசல்

இது பரவாயில்லை. அந்தப் பெரியவர் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்பதைச் சரியாக வையுங்கள். தைப்பூசம். கறிக்குழம்பு ஊற்றிவிடாதீர்கள்.

மேலூர்க்காரி

நீச்சல் தெரியாது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, அதில் முழு இடைவேளை வரைக்கும் கதை இருக்கிறது. அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டாமா?

மதுரைக்குள் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் பக்கம் அப்படி இல்லை. கிணறு இருக்கிறது. பெரியவரின் மகளை மேலூர் பக்கம் கட்டிக் கொடுத்ததாக வையுங்கள், அந்தக்கா வீட்டுக் கிணற்றுக்கு மூன்று பேரும் வருகிறார்கள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றுக்கொடுப்பார்கள். இப்போது குடுக்கை கிடைக்காமல் காலி எண்ணெய் கேனைக் கட்டுகிறார்கள். அடியில் கிடக்கிற தண்ணீரைப் பார்த்தால் பெரிய மனுசனுக்குக் குலை நடுங்கும். சின்னப் பிள்ளைகளோ மோட்டார் ரூம் கூரையில் ஓடிவந்து குதிப்பார்கள். குதிக்கும்போது சுவர்ப் பொந்தில் இருக்கிற புறா எல்லாம் படபடவென்று மேலே வரும். அந்தச் சத்தத்துக்கே பாதி திருடன் காலி.

கற்றுக்கொடுக்கிறது ஒரு எட்டு வயசுப் பிள்ளையாக இருக்கட்டும். அதற்கு இவர்கள் யார், எதற்குக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற கவலையே கிடையாது. ‘காலை அடி மாமா, காலை அடி மாமா’ என்று மட்டும் கத்தும். நன்றாகச் செய்தால் புளியங்காய் கொடுக்கும், செய்யாவிட்டால் கேனைப் பாதியில் அவிழ்த்துவிடும்.

ஆனையூர் அசிஸ்டெண்ட்

இரண்டு படத்தில் அசிஸ்டெண்டாக இருந்தேன், ஒன்றில் தண்ணீர் சீன் பத்து நிமிஷம் உண்டு. அந்த அனுபவத்தில் சில விஷயம்.

முதலில் அனுமதி. குளம் மீனாட்சி கோயிலுக்குச் சொந்தம், ஆக அறநிலையத்துறை வரைக்கும் கதைச் சுருக்கத்தோடு போக வேண்டும். கீழவாசல் ஐயா இங்கே கேட்ட கேள்வியையே அங்கேயும் கேட்பார்கள். பதில் இப்போதே ரெடியாக இருப்பது நல்லது.

அடுத்தது படகு ஒரு இடத்தில் நிற்காது. வசனத்தின் முதல் ஷாட்டில் பின்னால் மண்டபம் தெரியும், எதிர் ஷாட் வைப்பதற்குள் படகு திரும்பி மரம் தெரியும். தண்ணிக்கடியில் கயிறு கட்டி, கரையில் இரண்டு ஆள் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேமராவுக்குத் தனி மிதவை. ஒருத்தன் விழுகிற சீன் என்றால் அதே சட்டை நாலைந்து வேண்டும், இல்லாவிட்டால் காய வைத்துக் காய வைத்துப் பொழுது போய்விடும். ஸ்பாட்டில் பேசியதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது, தண்ணி படகில் அடிக்கிற சத்தம் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடும். டப்பிங்தான்.

லைஃப் ஜாக்கெட்டை மட்டும் விடாதீர்கள். பிள்ளைகள் பார்க்கிற படம். திருடனே ஆனாலும் படகில் ஏறினால் போட்டிருக்க வேண்டும். அதிலேயே காமெடியும் இருக்கிறது: ஜாக்கெட் போட்டவன் முங்க முடியாது. பையை எடுக்க முங்க வேண்டும், ஜாக்கெட்டைக் கழற்றினால் கரையிலிருந்து விசில்.

இன்னொன்று, எல்லாவற்றையும் பெடல் போட்டில் வையுங்கள். மோட்டார் படகு வேண்டாம். பெடல் போட்டில் முன்னால் இரண்டு பேர் மிதிக்க வேண்டும், பின்னால் இரண்டு பேர் சும்மா வரலாம். பல படகில் இரண்டு பேர் பெடலும் ஒரே கம்பியில் கோத்திருக்கும். ஒருத்தன் முன்னால் மிதிக்க, இன்னொருத்தன் பயத்தில் பின்னால் மிதித்தால் இரண்டு பேர் முழங்காலும்தான் வலிக்கும், படகு அசையாது. திருப்புகிற கைப்பிடி நடுவில் ஒன்றுதான். மூன்று திருடன், இரண்டு பெடல், ஒரு கைப்பிடி. வசனமே தேவையில்லை.

ரெண்டாவது ஆட்டம்

அசிஸ்டெண்ட் தம்பி சொன்னதில் துரத்தல் சீன் ஒளிந்திருக்கிறது. பெடல் போட் என்ன வேகம் போகும்? மனுசன் நடக்கிற வேகம்கூடக் கிடையாது. குளத்தைச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, இவர்கள் உயிரைக் கொடுத்து மிதித்துத் தப்பிக்கிறார்கள், கரையில் ஒரு கான்ஸ்டபிள் பொட்டலத்தில் சுண்டல் தின்றுகொண்டே கூடவே நடக்கிறார். இவர்கள் தெற்கே திரும்பினால் அவரும் தெற்கே. நின்று மூச்சு வாங்கினால் அவரும் நின்று, தெரிந்தவர் யாரிடமோ மகள் கல்யாணம் எப்படி நடந்தது என்று விசாரிக்கிறார். கத்தக்கூட வேண்டாம். எப்படியும் ஒரு படிக்குத்தானே வந்தாக வேண்டும்.

பின்னணி இசையை மட்டும் பெரிய கார் சேஸுக்கு உண்டானது மாதிரிப் போடுங்கள்.

ஆண்டிபட்டிக் கணவாய்

படகு காமெடி என்றால் வைகை அணையை விடலாமா? 2017இல் தெர்மாகோல் அட்டையை செலோடேப் போட்டு ஒட்டித் தண்ணி மேல் மிதக்க விட்டதும், காற்று அதை அப்படியே கரைக்குத் தள்ளியதும் தமிழ்நாடே சிரித்த கதை. எங்கள் ஊர்க்காரன் தண்ணீரில் எதை விட்டாலும் செய்தியாகும்.

திருடர்கள் பயிற்சிக்கு அங்கே வரட்டும். அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் பரிசல் இருக்கும். வட்டமாக இருப்பதால் அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. தெரிந்தவர் முன்னால் உட்கார்ந்து துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பார், பரிசல் நேராகப் போகும். தெரியாதவன் சாதாரணப் படகு போல ஓரத்தில் நின்று தள்ளுவான். நின்ற இடத்தில் சுற்றும். மூன்று பேரும் தள்ளினால் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான். பக்கத்துப் பரிசல்காரர் வலையைப் பிரித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கட்டும்.

ஆனையூர் அசிஸ்டெண்ட்

அணையில் படப்பிடிப்பு என்றால் நீர்வளத் துறையிடம் இன்னொரு அனுமதி. பட்ஜெட்டைப் பார்த்துச் செய்யுங்கள். கிணறும் குளமுமே போதும் என்பது என் எண்ணம்.

ஆண்டிபட்டிக் கணவாய்

அப்படியே எங்களை வெட்டிவிடுங்கள். பழகிப்போச்சு.

பருத்திப்பால்

இடுப்பளவு தண்ணியில் ‘காப்பாத்துங்க காப்பாத்துங்க’ என்று கத்துவது, ஒரு குழந்தை வந்து எழுந்து நிற்கச் சொல்வது, இது உண்டா?

மேலூர்க்காரி

அதை எத்தனை படத்தில் பார்ப்பது? ஆழம் இல்லை என்று தெரிந்தே இறங்கட்டும். அடியில் சேறு. கண்மாயில் இறங்கியவர்களுக்குத் தெரியும், கால் முழங்கால் வரை உள்ளே போகும், எடுக்கும்போது செருப்பு உள்ளேயே நின்றுவிடும். ஒரு காலை எடுக்க மற்றக் காலை ஊன்றினால் அது இன்னும் ஆழமாகப் போகும். தண்ணி இடுப்பளவுதான், ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் நகர முடியாது. அப்படியே நிற்கிறவனைச் சுற்றிக் குடும்பங்கள் படகில் போகின்றன. பிள்ளைகள் டாட்டா காட்டுகிறார்கள். அவனும் வேறு வழி இல்லாமல் டாட்டா காட்டுகிறான்.

ரெண்டாவது ஆட்டம்

முடிவைப் பற்றிப் பேசுவோம். தயவுசெய்து, குழந்தை தண்ணீரில் விழ, திருடன் பாய்ந்து காப்பாற்றித் திருந்துகிற முடிவு வேண்டாம். நீச்சல் கற்றுக்கொள்கிற காட்சியைப் பார்த்ததுமே தியேட்டரில் அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

தெப்பக்குளத்து வாண்டு

உண்மையைச் சொன்னால் என் குறிப்பில் அதுதான் இருந்தது. எடுத்தாச்சு. வேறு என்ன?

மேலூர்க்காரி

ஒரு சந்தேகம். உங்கள் கதையில், குளத்தில் தண்ணி விடுவதற்கு முன்னால் தூர் வாரினார்களா?

தெப்பக்குளத்து வாண்டு

அக்கா.

அனுப்பானடி ஆல்ரவுண்டர்

ஐயையோ.

மேலூர்க்காரி

தூர் வாரியிருந்தால் மண் லாரியில் ஏறியிருக்கும். கண்மாய் வண்டலை விவசாயிகள் வயலுக்கு அடித்துக்கொள்வது எங்கள் பக்கம் வழக்கம், தாலுகா ஆபீசில் அனுமதி வாங்கி எடுப்பார்கள். படத்தில் குளத்து மண்ணும் அப்படிப் போகட்டும். மூன்று பேரும் நீச்சல் கற்று, பெடல் மிதித்து, சேற்றில் நின்று, கடைசியில் பை அங்கே இல்லவே இல்லை. இடைவேளை.

இரண்டாம் பாதி முழுக்க மண்ணைத் தேடுவது. லாரி டிரைவரைப் பிடித்தால் அவர் ‘எத்தனை நடை அடிச்சேன், எந்த நடைன்னு கேக்குறீங்க’ என்பார். விசாரித்து விசாரித்து வந்து சேர்கிற வயல், எந்தக் கிணற்றில் நீச்சல் பழகினார்களோ அந்த அக்காவின் வயலேதான். தினமும் தலை துவட்டிய வரப்புக்குப் பக்கத்தில்.

ராத்திரி தோண்டப் போகட்டும். விடிந்தால் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் வலையும் ஊத்தாவுமாக இருட்டிலேயே வந்து கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தமாக இறங்குவார்கள். மண்வெட்டியோடு பிடிபட்ட மூன்று பேரையும், மீன் பிடிக்கத் தெரியாமல் மண்வெட்டி கொண்டுவந்த டவுன்காரர்கள் என்று நினைத்து ஆளுக்கொரு ஊத்தாவைக் கொடுத்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அடி இல்லாத கூடை அது. கவிழ்த்து அமுக்கி, மேலே இருக்கிற வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். துழாவுகிற கையில் நகைப்பை வரும் என்ற நினைப்பில் ஒருத்தன் ஆசையாக விடுகிறான், கெளுத்தி முள் குத்துகிறது. அந்த வலி என்ன என்று குத்து வாங்கியவர்களைக் கேளுங்கள், சாயந்திரம் வரை கை விண்விண்ணென்று தெறிக்கும்.

வைகைக்கரை

பிடித்த மீனை அன்றைக்கு விற்கக் கூடாது என்று பல ஊரில் கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். திருடர்கள் மூன்று பேரும் வாழ்க்கையில் முதல் தடவையாக உழைத்துச் சம்பாதித்ததை விற்க முடியாமல் போவது எனக்குப் பிடித்திருக்கிறது.

தெப்பக்குளத்து வாண்டு

நேற்று ராத்திரி தூங்கவில்லை. பை என்ன ஆனது என்பதற்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது.

வண்டல் அடித்த அன்றைக்கே அக்கா கையில் பை கிடைத்துவிட்டது. அவர் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து, கோர்ட் வழியாக நகைக்கடைக்காரருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது ஸ்டேஷனில் எழுதி வாங்கியவர்தான் சுண்டல் கான்ஸ்டபிள். பழைய கிரிக்கெட் டீமில் போலீஸ் வேலைக்குப் போனவரும் அவரேதான். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். பொருள் திரும்பக் கிடைத்தாலும் கேஸ் முடியவில்லை, ஆள்தான் பாக்கி. தானாக வருவார்கள் என்று கரையில் நடந்துகொண்டிருக்கிறார். முதல் பாதியில் சோம்பேறியாகத் தெரிந்தவர் இரண்டாம் பாதியில் வேறு ஆளாகத் தெரிவார். அவர் செய்கிற காரியம் மட்டும் மாறாது. நடப்பார், தின்பார்.

ரெண்டாவது ஆட்டம்

இது நன்றாக இருக்கிறது. அக்காவுக்கு இவர்கள்தான் அந்தத் திருடர்கள் என்று எப்போது தெரியும்?

மேலூர்க்காரி

கிணற்றடிக்கு வந்த முதல் நாளே. மூன்று ஆம்பளை, தலை நரைக்கிற வயசு, திடீரென்று நீச்சல் பழக வருகிறான், தெப்பக்குளம் என்றதும் மூஞ்சி மாறுகிறது. கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? தெரிந்தும் சோறு போட்டு, நாத்து நட, களை பறிக்க, கிணற்றில் தூர் அள்ள என்று வேலை வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை.

கீழவாசல்

கைது உண்டா இல்லையா? திருடன் தப்பித்துச் சிரிக்கிற மாதிரி முடித்தால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

தெப்பக்குளத்து வாண்டு

உண்டு ஐயா. களை பறித்து முடித்த அன்றைக்குத்தான் கைது. அக்கா கேட்டுக்கொண்டதால் கான்ஸ்டபிள் அதுவரை வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

ஆனையூர் அசிஸ்டெண்ட்

கதை தேறிவிட்டது. யு சான்றிதழே வாங்கலாம், இப்போது யுஏவிலும் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயசு பிரித்துவிட்டார்கள், குடிக்கிற சீன் ஒன்று வைத்தாலே சிக்கல்தான், அதனால் டாஸ்மாக் பக்கம் போகாதீர்கள். பெடல் போட் சீனை மட்டும் முதலில் எழுதி அனுப்புங்கள். வசனம் இல்லாமல் எழுதுங்கள், யார் எந்தப் பக்கம் மிதிக்கிறார்கள் என்று மட்டும். போனிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்துவிடலாம். சிரிப்பு வருகிறதா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பருத்திப்பால்

கான்ஸ்டபிள் வேஷத்துக்கு வெளியே ஆள் தேட வேண்டாம். எனக்கு நடக்கத் தெரியும், சுண்டல் தின்னத் தெரியும். சம்பளம் வேண்டாம். ஒவ்வொரு டேக்குக்கும் சுண்டல் சூடாக வர வேண்டும், மாங்காய் தூக்கலாக.